சின்ன எஸ், பெரிய எஸ்: கமிட்டில் கையொப்பம் இடுவது எப்படி

திறமூல மென்பொருள் ஒன்றுக்கு நான் முதன்முதலில் அனுப்பிய திருத்தம் ஒரே ஒரு வரி. ஆவணத்தில் இருந்த எழுத்துப்பிழை, அவ்வளவுதான். புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் விண்ணப்பம்) போட்ட அரை நிமிடத்தில் ஒரு பாட் (தானியங்கி நிரல்) வந்து சிவப்புக் குறி போட்டது: கமிட்டில், அதாவது கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் நான் பதிந்த மாற்றத்தில், சைன்-ஆஃப் இல்லையாம். 'சைன்' என்ற சொல்லைப் பார்த்ததும், மறையாக்கச் சாவி போட்டுக் கையொப்பம் இடச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஜிபிஜி என்ற மறையாக்கக் கருவியை நிறுவி, சாவி உருவாக்கி, அது கொடுத்த பிழைச் செய்திகளோடு இரவு ஒரு மணி வரை மல்லுக்கட்டி, ஒருவழியாகக் கையொப்பத்துடன் கமிட்டை அனுப்பிவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் அதே சிவப்புக் குறி. அவர்கள் கேட்டது சின்ன எஸ். நான் கொடுத்தது பெரிய எஸ்.

புதிதாக வருகிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன் ஒரு சொல்: கட்டளைகளை ஒருவருக்குப் போனில் சொல்வது போலத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். முனையத்தில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

இரண்டு எஸ், இரண்டு வேலை

'கிட் கமிட் -எஸ்' என்று சின்ன எஸ் போட்டால், கமிட் செய்தியின் அடியில் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று தொடங்கும் ஒரு வரி சேரும். அதில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். வெறும் எழுத்துதான், எந்தக் கணக்கும் மறையாக்கமும் அதில் கிடையாது. 'இந்த நிரல் என்னுடையது, அல்லது இதை இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது' என்ற உறுதிமொழிக்கு அது அடையாளம். 2003-இல் எஸ்சிஓ நிறுவனம், தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் புகுந்திருக்கிறது என்று சொல்லி ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு சுவடு வேண்டும் என்றுதான் 2004-இல் லினக்ஸ் கெர்னலில் (அந்த இயங்குதளத்தின் மையப் பகுதி) இந்த வழக்கம் வந்தது. இன்று வேறு பல திட்டங்களும் இதைக் கேட்கின்றன.

பெரிய எஸ் முற்றிலும் வேறு. உங்கள் தனிச் சாவியைக் கொண்டு அந்தக் கமிட்டின் மேல் கணித முறையில் போடும் முத்திரை அது. கமிட்டில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. உரிமத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இந்தக் கமிட் இந்தச் சாவி வைத்திருப்பவர் கையிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லும்.

ஆகவே, முதல் வேலையாகத் திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பைத் திறந்து, அவர்கள் கேட்பது எது என்று பாருங்கள். சைன்-ஆஃப் என்றோ டிசிஓ (மேலே சொன்ன உறுதிமொழியின் பெயர்) என்றோ இருந்தால் சின்ன எஸ். 'சைன்ட் கமிட்' அல்லது 'வெரிஃபைட்' என்று இருந்தால் பெரிய எஸ். சில இடங்களில் இரண்டும் வேண்டும். அப்போது இரண்டையும் ஒரே கட்டளையில் போடலாம், ஒன்றோடொன்று சண்டை போடாது.

பெயர் இருந்தால் போதாதா?

போதாது. கிட்டில் பெயர் என்பது அஞ்சலட்டையில் 'அனுப்புநர்' என்று எழுதும் இடம் மாதிரி. யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் கேட்கமாட்டார். கிட்டின் அமைப்பில் பெயரையும் மின்னஞ்சலையும் நீங்களே தட்டச்சு செய்கிறீர்கள். அது உண்மையா என்று கிட் யாரிடமும் விசாரிப்பதில்லை. லினக்ஸையும் கிட்டையும் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரையும் மின்னஞ்சலையும் போட்டு உங்கள் ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) ஒரு கமிட் செய்து பாருங்கள், சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

இது விளையாட்டோடு நிற்கவில்லை. 2021 மார்ச் 28 அன்று பிஎச்பி மொழியின் மூல ரெப்போவில் இரண்டு கமிட்கள் நுழைந்தன. ஒன்று அந்த மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் பெயரில், மற்றது முக்கியப் பராமரிப்பாளர்களில் ஒருவரான நிகிதா போபோவ் பெயரில். எழுத்துப்பிழைத் திருத்தம் என்ற போர்வையில் உள்ளே இருந்தது ஒரு பின்வாசல்: குறிப்பிட்ட தலைப்போடு வரும் கோரிக்கைக்குள் இருக்கும் நிரலை வலைச் சர்வரிலேயே இயக்கிவிடும். சில மணி நேரத்திலேயே மற்றவர்கள் கண்ணில் பட்டதால் வெளியீடு எதிலும் அது போய்ச் சேரவில்லை. அதன்பின் பிஎச்பி தன் சொந்தக் கிட் சர்வரைக் கைவிட்டு, கிட் ரெப்போக்களை வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹப்புக்கு மாறியது. கையொப்பம் கட்டாயமாக இருந்திருந்தால், பெயரைக் கடன் வாங்கியவருக்குச் சாவியையும் திருட வேண்டியிருந்திருக்கும்.

எந்தச் சாவி?

பெரும்பாலோர் பயன்படுத்தும் வழிகள் இரண்டு: ஜிபிஜி, எஸ்எஸ்எச். ஜிபிஜி மூத்தது. கமிட்டுக்கே கையொப்பம் இடும் வசதி கிட்டில் 2012 ஜனவரியில் 1.7.9 பதிப்போடு வந்தபோது இருந்த ஒரே நடைமுறை வழி அதுதான். 2021 நவம்பரில் வந்த 2.34 பதிப்பிலிருந்து, சர்வருக்குள் நுழையப் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் சாவியாலேயே கையொப்பமும் இடலாம்.

புதியவருக்கு என் பரிந்துரை தயக்கமில்லாமல் எஸ்எஸ்எச். புதிதாக நிறுவ வேண்டியது பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் தொகுப்புகளைப் பராமரிக்கப் போகிறீர்கள், அல்லது கெர்னலில் பராமரிப்பாளர் நிலைக்கு வரப்போகிறீர்கள் என்றால் ஜிபிஜி தவிர்க்க முடியாது. அதுவரை அந்தத் தலைவலி வேண்டாம். இரவு ஒரு மணி அனுபவத்தில் சொல்கிறேன்.

படி 1: பதிப்பைப் பாருங்கள்

கிட் --வெர்ஷன்
எஸ்எஸ்எச் -வி (பெரிய எழுத்து வி)

கிட் 2.34-க்குக் குறையக்கூடாது. ஓபன்எஸ்எஸ்எச் 8.2-க்குக் குறையக்கூடாது, இல்லாவிட்டால் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியாது.

படி 2: பெயரும் மின்னஞ்சலும்

கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம் "உங்கள் பெயர்"
கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.ஈமெயில் "உங்கள் மின்னஞ்சல்"

இங்கே அலட்சியம் கூடாது. கிட்ஹப் கமிட்டுக்குப் பச்சைக் குறி தர வேண்டுமானால், சாவி பொருந்தினால் மட்டும் போதாது. கமிட்டில் உள்ள மின்னஞ்சல் உங்கள் கணக்கில் உறுதி செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அலுவலக மின்னஞ்சலில் கமிட் செய்துவிட்டுச் சொந்தக் கணக்கில் குறி வரவில்லையே என்று தேடுகிறவர்கள் ஏராளம். மின்னஞ்சல் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம் என்றால், கிட்ஹப்பின் மின்னஞ்சல் அமைப்புப் பக்கத்தில் 'நோ-ரிப்ளை' முகவரி ஒன்று கிடைக்கும். அதையே இங்கே போடுங்கள்.

படி 3: சாவி

உங்கள் ஹோம் கோப்புறையில் '.எஸ்எஸ்எச்' என்ற மறைந்த கோப்புறைக்குள் 'ஐடி_ஈடி25519' என்ற கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லையென்றால்:

எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519 -சி "உங்கள் மின்னஞ்சல்" (இந்தச் சி பெரிய எழுத்து)

கோப்பின் பெயர் கேட்டால் என்டர் தட்டுங்கள். பாஸ்ஃபிரேஸ் கேட்கும்போது மட்டும் என்டர் தட்டிக் கடந்துவிடாதீர்கள். மடிக்கணினி தொலைந்தால் உங்களுக்கும் திருடனுக்கும் நடுவில் நிற்கப்போவது அந்த ஒரு வரிதான். நாலைந்து சொற்கள் சேர்ந்த, உங்களுக்கு மட்டும் பொருள்படும் தொடர் போதும். ஒவ்வொரு கமிட்டுக்கும் அதை அடிக்க வேண்டியதில்லை. எஸ்எஸ்எச்-ஆட் என்ற கட்டளையை ஒருமுறை கொடுத்தால், ஏஜென்ட் என்ற பின்னணி நிரல் அந்த அமர்வு முழுக்க நினைவில் வைத்துக்கொள்ளும்.

இப்போது இரண்டு கோப்புகள் இருக்கும். '.பப்' என்று முடிவது பொதுச் சாவி. சுவரில் ஒட்டினாலும் பாதகமில்லை. அந்த வால் இல்லாதது தனிச் சாவி. அது உங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள், கிளவுட் கோப்புறையில் போடாதீர்கள், முக்கியமாக ரெப்போவுக்குள் கமிட் செய்துவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், நடக்கிறது.

படி 4: கிட்டுக்குச் சொல்லுங்கள்

கிட் கான்ஃபிக் --குளோபல் ஜிபிஜி.ஃபார்மட் எஸ்எஸ்எச்
கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.சைனிங்கீ ~/.எஸ்எஸ்எச்/ஐடி_ஈடி25519.பப்
கிட் கான்ஃபிக் --குளோபல் கமிட்.ஜிபிஜிசைன் ட்ரூ
கிட் கான்ஃபிக் --குளோபல் டேக்.ஜிபிஜிசைன் ட்ரூ

முதல் வரியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எஸ்எஸ்எச் பின்னால் வந்து சேர்ந்த வசதி என்பதால், பழைய வீட்டில் புதுக் குடித்தனம் போல, அமைப்பின் பெயர்களில் ஜிபிஜி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'சைனிங்கீ', 'ஜிபிஜிசைன்' இரண்டும் இடைவெளி இல்லாத ஒரே சொற்கள். மூன்றாவது வரியைப் போட்டுவிட்டால் பெரிய எஸ்ஸை ஒவ்வொரு முறையும் நினைவு வைக்கத் தேவையில்லை.

படி 5: பொதுச் சாவியைப் பதியுங்கள்

கிட்ஹப்பில் அமைப்புகளுக்குப் போய், எஸ்எஸ்எச், ஜிபிஜி சாவிகள் என்ற பக்கத்தைத் திறந்து, புதிய எஸ்எஸ்எச் சாவி என்பதை அழுத்துங்கள். அங்கே சாவியின் வகையைக் கேட்கும் ஒரு பட்டியல் இருக்கும். இயல்பாக 'ஆதென்டிகேஷன்' என்று இருப்பதைச் 'சைனிங்' என்று மாற்ற வேண்டும். இதே சாவியை உள்நுழைவுக்காக முன்பே பதிந்திருந்தாலும், கையொப்பத்துக்கு இன்னொரு முறை தனியாகப் பதிய வேண்டும். கணினியில் எல்லாம் சரியாக இருந்தும் 'அன்வெரிஃபைட்' என்று வருகிறதா? முதலில் இந்த இடத்தைப் பாருங்கள், அப்புறம் மின்னஞ்சலைப் பாருங்கள். கிட்ஹப் போன்ற மற்ற தளங்களான கிட்லேபும் கோட்பெர்க்கும் கையொப்பத்தைச் சரிபார்த்துக் காட்டும்; பக்கங்கள்தான் கொஞ்சம் வேறு.

படி 6: போட்டுப் பாருங்கள், பார்த்தும் பாருங்கள்

ஏதாவது சிறு மாற்றம் செய்து கமிட் செய்யுங்கள். பிறகு:

கிட் லாக் --ஷோ-சிக்னேச்சர் -1

பெரும்பாலும் இங்கே ஒரு பிழைச் செய்தி வரும்: அனுமதிக்கப்பட்ட கையொப்பக்காரர் கோப்பு அமைக்கப்படவில்லை என்று. கையொப்பம் விழவில்லை என்று பயந்துவிடாதீர்கள். விழுந்துவிட்டது, 'கிட் கேட்-ஃபைல் -பி ஹெட்' (ஹெட் மட்டும் பெரிய எழுத்தில்) என்று கொடுத்தால், கமிட்டின் உள்ளே 'ஜிபிஜிசிக்' என்ற தலைப்பின் கீழ் முத்திரை நீளமாகத் தெரியும். இந்தச் சாவி யாருடையது என்று உங்கள் கணினிக்குத் தெரியாது என்பதுதான் குறை. வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டை வைத்திருப்பார்களே, காசோலை வந்ததும் எடுத்து ஒப்பிட? அந்த அட்டையை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

கொடுத்துவிடுவோம். '.எஸ்எஸ்எச்' கோப்புறையில் 'அலவ்ட்_சைனர்ஸ்' என்ற பெயரில் ஓர் எழுத்துக் கோப்பை உருவாக்குங்கள். அதில் ஒருவருக்கு ஒரு வரி: முதலில் மின்னஞ்சல், ஓர் இடைவெளி, பிறகு அவருடைய பொதுச் சாவிக் கோப்பில் உள்ள வரி அப்படியே. முடித்ததும்:

கிட் கான்ஃபிக் --குளோபல் ஜிபிஜி.எஸ்எஸ்எச்.அலவ்ட்சைனர்ஸ்ஃபைல் ~/.எஸ்எஸ்எச்/அலவ்ட்_சைனர்ஸ்

மறுபடியும் லாக் கட்டளையைக் கொடுங்கள். 'குட்' என்று தொடங்கி, உங்கள் மின்னஞ்சலோடும் சாவியின் சுருக்கக் கைரேகையோடும் ஒரு வரி வரும். குழுவாக வேலை செய்கிறவர்கள் இந்தக் கோப்பை ரெப்போவிலேயே வைத்துக்கொள்வதும் உண்டு. அப்படிச் செய்தால், கிட்ஹப் சொல்லும் பச்சைக் குறியை நம்பியிருக்காமல் அவரவர் கணினியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பை யார் திருத்தலாம் என்பதில் மட்டும் கண் இருக்கட்டும்.

கையொப்பம் காணாமல் போகும் இடங்கள்

கையொப்பம் கமிட்டுக்கு வெளியே ஒட்டியிருப்பதல்ல, கமிட்டின் உடலோடு சேர்ந்தது. அமெண்ட் செய்தாலோ (கடைசிக் கமிட்டைத் திருத்துவது) ரீபேஸ் செய்தாலோ (கமிட்களை மறுபடி அடுக்கி எழுதுவது) பிறப்பது புதிய கமிட். பழையதன் கையொப்பம் பழையதோடு போய்விடும். நான்காம் படியின் மூன்றாவது வரியைப் போட்டிருந்தால், உங்கள் கணினியில் செய்யும் ரீபேஸ் புதிய கமிட்களுக்குத் தானாகவே கையொப்பம் இட்டுவிடும்.

ஏற்கெனவே கையொப்பமில்லாமல் செய்த கமிட்கள் இருக்கின்றனவா? கடைசி மூன்றுக்கும் ஒரேயடியாகப் போட:

கிட் ரீபேஸ் --ஃபோர்ஸ்-ரீபேஸ் -எஸ் ஹெட்~3 (எஸ் பெரிய எழுத்து, ஹெட் முழுவதும் பெரிய எழுத்து)

பாட் கேட்பது சின்ன எஸ் வரியை என்றால், 'கிட் ரீபேஸ் --சைன்ஆஃப் ஹெட்~3'. அதன்பின் புஷ் செய்யும்போது (சர்வருக்கு அனுப்பும்போது) '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' தேவைப்படும். இதையெல்லாம் உங்கள் சொந்தக் கிளையில் மட்டும் செய்யுங்கள். பலர் சேர்ந்து வேலை செய்யும் கிளையில் வரலாற்றைத் திருத்தி எழுதினால் திட்டு விழும், நியாயமாகவே விழும்.

கிட்ஹப்பின் வலைப்பக்கத்தில் செய்யும் வேலைகளுக்கு வேறு கணக்கு. உலாவியில் ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்தால் பச்சைக் குறி வரும், ஆனால் அது கிட்ஹப் தன் சாவியால் போட்டது. பராமரிப்பாளர் 'ஸ்குவாஷ்' முறையில் இணைத்தாலும் அப்படியே: உங்கள் ஐந்து கமிட்களும் ஒன்றாகி, அந்த ஒன்றில் கிட்ஹப்பின் முத்திரை விழும். 'ரீபேஸ் அண்ட் மெர்ஜ்' முறையில் இணைத்தால் கையொப்பமே இல்லாமல் போய்ச் சேரும். உங்கள் கையொப்பம் அப்படியே பிழைப்பது மெர்ஜ் கமிட் முறையில் மட்டும்தான். கெர்னல் போல மின்னஞ்சலில் திருத்தம் அனுப்பும் திட்டங்களில், கமிட்டை உருவாக்குவதே பராமரிப்பாளர்தான். உங்கள் பெரிய எஸ் மின்னஞ்சலில் பயணம் செய்யாது. அங்கே கேட்பதும் சின்ன எஸ்தான்.

ஜிபிஜி கட்டாயம் என்றால்

சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஜிபிஜி --ஃபுல்-ஜெனரேட்-கீ' கொடுத்துச் சாவி உருவாக்குங்கள். காலாவதித் தேதியாக ஓரிரு ஆண்டு வையுங்கள், பின்னால் நீட்டிக்கொள்ளலாம். ஜிபிஜி தானாகவே உருவாக்கி வைக்கும் ரத்துச் சான்றிதழை எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். எஸ்எஸ்எச்சுக்காக ஜிபிஜி.ஃபார்மட் அமைப்பை மாற்றியிருந்தால் அதை நீக்கிவிட்டு, யூசர்.சைனிங்கீயில் கோப்பின் பாதைக்குப் பதில் சாவியின் அடையாள எண்ணைப் போடுங்கள். என்னை இரவு ஒரு மணி வரை விழிக்க வைத்தது 'ஜிபிஜி ஃபெயில்ட் டு சைன் த டேட்டா' என்ற வரி. பாஸ்ஃபிரேஸ் கேட்கும் பெட்டியை எந்த முனையத்தில் திறப்பது என்று ஜிபிஜிக்குத் தெரியவில்லை, அதுதான் விஷயம். ஷெல் அமைப்புக் கோப்பில் ஜிபிஜி_டிடிஒய் (பெரிய எழுத்துகள்) என்ற மாறிக்கு 'டிடிஒய்' கட்டளையின் விடையைக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்தால் தீர்ந்தது.

பச்சைக் குறி சொல்லாதது

2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் வெளியிட்டார். எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தோண்டியவர் அவர். அந்த வெளியீடுகளில் கையொப்பம் இருந்தது, சரியாகவும் இருந்தது. 'ஜியா டான்' என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக வேலை செய்து, இணைப் பராமரிப்பாளராகவே ஆகிவிட்டவர் தன் சொந்தச் சாவியால் போட்டது. யாருடைய பெயரையும் அவர் திருடவில்லை. பிஎச்பியில் கையொப்பம் காப்பாற்றியிருக்கும், இங்கே முடியாது. கையொப்பம் சரியாக இருக்கிறதே என்று நிரலைப் படிக்காமல் விடுவது, பத்திரத்தில் முத்திரை இருக்கிறதே என்று வில்லங்கம் பார்க்காமல் மனை வாங்குவது மாதிரி.

ஒவ்வொரு கமிட்டுக்கும் கையொப்பம் வேண்டுமா என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வீண் வேலை என்றே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு கமிட்டும் தன் முந்தைய கமிட்டின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகையை) சுமப்பதால், வெளியீட்டுக்குப் போடும் பெயர்க்குறியான டேகில் ஒரு கையொப்பம் போட்டாலே பின்னால் உள்ள மொத்தச் சங்கிலியும் கட்டுப்பட்டுவிடும். தானாக விழும் கையொப்பத்துக்கு மதிப்பும் குறையும் என்பது அவர் வாதம். டேகுக்கு அது சரி. ஆனால் பல பேர் நேரடியாகப் புஷ் செய்யும் ரெப்போவில், நடுவில் வந்த ஒரு கமிட் உண்மையில் யாருடையது என்ற கேள்விக்கு டேகில் விடை இல்லை. அதனால் நான் இரண்டிலும் போடுகிறேன்.

கொஞ்ச நாள் பழகிய பிறகு, கிட்ஹப் அமைப்புகளில் 'விஜிலன்ட் மோட்' என்பதை இயக்கலாம். உங்கள் பெயரில் கையொப்பமில்லாமல் எந்தக் கமிட் வந்தாலும் 'அன்வெரிஃபைட்' என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் எல்லாக் கணினிகளிலும் கையொப்பம் சரியாக விழுகிறது என்று உறுதியான பின் செய்யுங்கள்.

மடிக்கணினி மாறும்போது தனிச் சாவியை நகலெடுக்காமல் புதிய சாவி உருவாக்கிப் பதிந்துகொள்வது நல்லது. அலவ்ட்_சைனர்ஸ் கோப்பில் பழைய வரியை அழிக்க வேண்டாம், அழித்தால் பழைய கமிட்களைச் சரிபார்க்க முடியாது. புதியதை அதன் கீழே சேருங்கள். கணினி திருடு போனால் கதை வேறு. அன்றே பழைய சாவியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள், பங்களிக்கும் திட்டங்களுக்கும் தகவல் சொல்லுங்கள்.

என் ஒரு வரித் திருத்தத்துக்கு மறுநாள் காலை சின்ன எஸ் போட்டு அனுப்பினேன்; குறி பச்சையானது. பெரிய எஸ்ஸையும் விடவில்லை, பட்ட பாட்டுக்காகவாவது இருக்கட்டும் என்று. பராமரிப்பாளர் ஸ்குவாஷ் செய்து இணைத்துவிட்டார். இப்போது அந்தக் கமிட்டைத் திறந்தால் என் பெயர் இருக்கிறது, சைன்-ஆஃப் வரியும் இருக்கிறது. கையொப்பம் மட்டும் கிட்ஹப்புடையது.